நாலு ஹெச்பி விவசாயி, 384 பக்க ஹீரோ: புது டி அண்ட் டி புத்தகங்களை ஒரு கேம்பெய்ன் முழுக்க ஓட்டிப் பார்த்த ரிவ்யூ

ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா இதை எழுதணும்னு தோணினதே அதுனாலதான். டி அண்ட் டின்னா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஒருத்தர் கதை சொல்ல மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டரா டைஸ் உருட்டி ஆடுற மேசை விளையாட்டு, பல செஷனா ஓடுற ஒரு கதைதான் கேம்பெய்ன். எங்க கேம்பெய்னோட முதல் செஷன், வழக்கமான ஆரம்பம்தான், ஊர்த் தலைவர் ஓடி வந்து பக்கத்துக் குகையில அஞ்சு கோப்ளின், குட்டிக் குட்டிப் பூதம், வந்து உக்காந்திருக்கு, ஆடு மாட்டையெல்லாம் இழுத்துட்டுப் போகுது, நீங்கதான் காப்பாத்தணும்னு கையெடுத்துக் கும்பிடுறார், நானும் டிஎம்மா, அதாவது கதையை நடத்துற டன்ஜன் மாஸ்டரா, குரலையெல்லாம் மாத்தி உருக்கமா பேசிட்டு இருக்கேன், அப்போ டேபிள்ல புதுசா சேர்ந்த பொண்ணு ரொம்ப அப்பாவியா கேட்டா, "இந்த ஊர்ல மொத்தம் எத்தனை பேரு?" நான் யோசிக்காம "ஒரு 200 பேர் இருப்பாங்க"ன்னுட்டேன். "அப்போ அஞ்சு கோப்ளினுக்கு எதுக்கு நாங்க நாலு பேரு?"

அன்னைக்கு ஏதோ சொல்லிச் சமாளிச்சேன், பயந்த சனங்க, ஆயுதம் கிடையாது, அப்படி இப்படின்னு. ஆனா மண்டைக்குள்ள அது போகவே இல்ல. ராத்திரி, பூதம் மனுஷன்னு எல்லாருக்கும் நம்பர் போட்டிருக்கிற மான்ஸ்டர் மேனுவலைத் திறந்து கணக்கு போட்டேன். நான் கேம்பெய்ன் ஆரம்பிச்சது பழைய 2014 புத்தகத்துல, அதுல சாதாரண மனுஷனுக்கு, அதாவது கமனருக்கு, ஹெச்பி, அதாவது உயிர்ப் புள்ளி, 4, ஏசி, அதாவது அவர் மேல அடி விழ எதிராளி எட்ட வேண்டிய நம்பர், 10, கையில ஒரு தடி, அடிக்க உருட்டும்போது பிளஸ் 2, பட்டா 1டி4 டேமேஜ், அதாவது நாலு முக டைஸ் ஒண்ணுல வர்ற நம்பர். கோப்ளினுக்கு ஏசி 15, ஹெச்பி 7. விவசாயி டி20, அதாவது இருபது முக டைஸ், உருட்டி 13 இல்ல அதுக்கு மேல போட்டா அடி விழும், அதாவது 40 சதவீதம். ஒரு கோப்ளினைச் சுத்தி எட்டு கட்டம், அஞ்சு கோப்ளினுக்கு 40 பேர் வளைச்சு நிக்கலாம், அதுல 16 பேரோட அடி விழும், ஒரு அடிக்கு சராசரி ரெண்டரை, மொத்தம் 40 டேமேஜ். அஞ்சு கோப்ளினோட ஹெச்பியையும் கூட்டினா 35தான் வருது. கொஞ்சம் அடி வீணாப் போனாலும் ரெண்டாவது ரவுண்டைத் தாண்டாது. ரவுண்டுக்கு ஆறு செகண்டு, ஆக பன்னெண்டு செகண்டு. அப்புறம் எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம்.

சரி, கோப்ளினும் சும்மா நிக்காது இல்லையா. அது அடிக்க பிளஸ் 4, கமனரோட ஏசி 10, 75 சதவீதம் விழும், விழுந்தா 1டி6 பிளஸ் 2, ஆக ஒரே வீச்சுல ஒருத்தரைச் சாய்க்கிற வாய்ப்பு 62 சதவீதத்துக்கு மேலயே இருக்கு. அஞ்சு கோப்ளின், ஒரு ரவுண்டுக்கு மூணு பேர் போயிடுவாங்க. 200 பேர்ல மூணு பேர். கணக்கா மட்டும் பார்த்தா ஊருக்கு லாபம்தான், ஆனா அந்த மூணு பேர் யாருன்னு யாரு முடிவு பண்றது? முன்னாடி போய் நிக்கப் போற 40 பேர்ல நான் ஒருத்தன்னா என் கால் நகருமா? இந்த இடத்துலதான் எனக்கு ஏதோ புரிய ஆரம்பிச்சுது, அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மூணு புத்தகத்தையும் பார்க்கப் போறேன்.

புத்தகங்கள் பத்தி சுருக்கமா. புது பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2024 செப்டம்பர்ல வந்துச்சு, டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு அதே வருஷம் நவம்பர்ல, மான்ஸ்டர் மேனுவல் 2025 பிப்ரவரியில. பாதி கேம்பெய்ன் பழசு, மீதி புதுசுன்னு மாத்தி ஓட்டினோம், பெருசா எதுவும் உடையல. ஓவியம் அட்டகாசம், எழுத்தமைப்பு பழசை விட நூறு மடங்கு தெளிவு, ரூல் தேடுறது சுலபமாச்சு, டிஎம் கைடு கடைசியா ஒரு புது டிஎம்முக்குப் புரியிற மாதிரி எழுதியிருக்காங்க. இதையெல்லாம் எல்லாரும் எழுதிட்டாங்க, நான் திரும்ப எழுதல. என் அளவுகோல் ஒண்ணே ஒண்ணுதான்: இந்தப் புத்தகம் ஹீரோவை ஊர்க்காரன்ல இருந்து எவ்வளவு உயரத்துல வைக்குது, அந்த உயரத்தை எதை வச்சு அளக்குது?

வெளியில இருந்து பார்க்கிறவங்க ஹீரோன்னா முதல் லெவல்லயே ஏதோ தேவலோகத்துல இருந்து இறங்கி வந்த ஆள்னு நினைப்பாங்க. புத்தகமும் அட்வென்ச்சரர்ஸ் எல்லாம் அசாதாரணமான மனுஷங்கன்னு முன்னாடியே அறிமுகம் கொடுத்துடுது. நம்பரைப் பார்த்தா அப்படித் தெரியல. முதல் லெவல் ஃபைட்டருக்கு, அதாவது வாள் பிடிக்கிற ஹீரோவுக்கு, ஹெச்பி 12 இல்ல 13, செயின் மெயிலும் ஷீல்டும் போட்டா ஏசி 18. கமனரோட ஒப்பிட்டா பெரிய ஆள்தான், ஒத்துக்கிறேன். ஆனா அதே ஊர் வாசல்ல ஈட்டியோட கொட்டாவி விட்டுட்டு நிக்கிற காவல்காரன், கார்டுன்னு தனியா நம்பர் பட்டியல் இருக்கே, அவனுக்கு ஏசி 16, ஹெச்பி 11. அவ்வளவுதான் வித்தியாசம்! மாஸ் என்ட்ரி கொடுத்து வந்த நம்ம ஹீரோ, வாசல்ல நிக்கிற ஆளை விட ஒரு முழம் உயரம். மந்திரவாதி விசார்டைப் பார்த்தா அதுவும் கிடையாது, ஏழோ எட்டோ ஹெச்பி, காவல்காரன் ரெண்டு குத்து குத்தினா படுத்துடுவார்.

ஸ்கில்லுக்கு வந்தா இன்னும் மோசம், இது எனக்கு வருஷக்கணக்கா இருக்கிற எரிச்சல். பழைய கல்வெட்டு ஒண்ணைப் படிச்சுப் புரிஞ்சுக்கணும், டிசி 15, அதாவது டி20ல பிளஸையும் சேர்த்து 15 வரணும். பத்து வருஷம் மந்திரம் படிச்ச முதல் லெவல் விசார்டுக்கு பிளஸ் 5, ஜெயிக்க 55 சதவீதம். ஏர் ஓட்டிட்டு அந்தப் பக்கம் வந்த ஆளுக்கு பிளஸ் ஜீரோ, அவருக்கும் 30 சதவீதம் இருக்கு. ஒரு தடவை எங்க டேபிள்ல விசார்ட் 4 போட்டு முழிச்சுட்டு நிக்க, குதிரைக்காரன் என்பிசிக்கு, அதாவது டிஎம் நடத்துற கேரக்டருக்கு, நான் சும்மா உருட்டினேன், 19. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம், விசார்ட் பிளேயரைத் தவிர. 2014 ரூல்படி 20 லெவல் ஆனா கூட அந்த விசார்டுக்கு பிளஸ் 11தான், கடைசி வரைக்கும் முடிவு டைஸோட கையிலதான் இருக்கு.

அப்போ அசாதாரணம் எங்கதான் இருக்கு? நான் கண்டுபிடிச்ச முதல் இடம் வேகம். பழைய டிஎம் கைடுல ஒரு நாளைக்கு ஒரு கேரக்டர் தாங்கிக்கிற சண்டையோட எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி, எவ்வளவுன்னு ஒரு டேபிள் இருக்கு, முதல் லெவலுக்கு 300, ரெண்டாவதுக்கு 600, மூணாவதுக்கு 1200, இப்படிப் போகும். லெவல் ஏற எவ்வளவு எக்ஸ்பி வேணும்ங்கிற டேபிளை அதுக்குப் பக்கத்துல வச்சு வகுத்துப் பாருங்க. ஆறு நாள் முழு மூச்சா சாகசம் பண்ணினா அஞ்சாவது லெவல். 33, 34 நாள்ல 20வது லெவல். ஒரு மாசம்! ஒரு மாசத்துக்கு முன்னாடி வாசல் காவல்காரனை விடக் கொஞ்சம் உயரமா இருந்த ஆள், இப்போ எவ்வளவு உயரத்துல இருந்து குதிச்சாலும் சாக மாட்டான். மிகைப்படுத்தல, விழுற டேமேஜ் அதிகபட்சம் 20டி6, அதாவது 120ஐத் தாண்டாது, கான்ஸ்டிட்யூஷன், அதாவது உடம்பு உறுதி, 20 வச்சிருக்கிற 20 லெவல் ஃபைட்டருக்கு 224 ஹெச்பி. மேகத்துல இருந்து தள்ளி விட்டாலும் எழுந்து மண்ணைத் தட்டிட்டு நடப்பான். நம்ம கமனர் பத்தடி உயரத்துல ஏணியில இருந்து விழுந்தா ஒரு 1டி6, நாலோ அதுக்கு மேலயோ விழுந்தா அதோட சரி, பாதிக்குப் பாதி சாவு. கூரை மேயறவங்க எப்படி அந்த உலகத்துல தொழில் பண்றாங்கன்னே தெரியல.

அந்த 33 நாள்ல கமனர் என்ன பண்ணியிருப்பார்னும் பார்த்துட்டேன், இதுதான் எனக்கு ரொம்ப வலிச்ச கணக்கு. தொழில் தெரியாத கூலிக்கு ஒரு நாளைக்கு 2 வெள்ளி. ஏழை வாழ்க்கைக்கு ஒரு நாள் செலவு எவ்வளவுன்னா அதுவும் 2 வெள்ளி. வர்றதும் போறதும் சரியாப் போச்சு. 33 நாள்ல 66 வெள்ளி, அதாவது 6 பொன் சொச்சம் சம்பாதிச்சு, எல்லாத்தையும் செலவு பண்ணிட்டு, அதே 4 ஹெச்பியோட அதே இடத்துல நிக்கிறார். ஒரு வாள் 15 பொன், சாப்பிடாம கொள்ளாம 75 நாள் கூலி. ஒரு ஹீலிங் போஷன் 50 பொன், 250 நாள் கூலி, இத்தனைக்கும் அந்த போஷன் எவ்வளவு மோசமா உருட்டினாலும் 4 ஹெச்பி கொடுத்துடும், கமனருக்கு அது முழு உயிர். பிளேட் ஆர்மர் 1500 பொன். அது 7500 நாள், இருபது வருஷத்துக்கு மேல பட்டினி கிடந்தாத்தான் ஒரு கவசம். செத்த ஒருத்தரை உடனே எழுப்புற மந்திரத்துக்கு 300 பொன் வைரம் வேணும், அந்த வைரத்தை எங்க பார்ட்டி, அதாவது ஹீரோ கூட்டம், பை அடியில பட்டாணி மாதிரி போட்டு வச்சிருந்தாங்க. ஏழை சொல் அம்பலம் ஏறாதுங்கிறது பழசு, இந்த உலகத்துல ஏழை உயிரே திரும்ப ஏறாது.

இந்தக் காசுக் கணக்கை டிஎம்முங்க யாரும் கவனிக்கிறதில்ல, புத்தகமும் கவனிக்கச் சொல்லல. ஒரு தடவை நான் வேணும்னே ஒரு சீன் வச்சேன், பார்ட்டி ஒரு வீட்ல தங்கி, காலையில கிளம்பும்போது ஃபைட்டர் பெருந்தன்மையா பத்து பொன்னை மேசை மேல வச்சுட்டுப் போறான். அது அந்த வீட்டுக்காரருக்கு 50 நாள் கூலி. அவர் முகம் எப்படி மாறுதுன்னு மட்டும் சொன்னேன், சந்தோஷமா கோபமான்னு சொல்லல. டேபிள்ல கொஞ்ச நேரம் யாரும் பேசல. அது நல்ல செஷன்.

மேல போகப் போக இடைவெளி பயமுறுத்துற அளவுக்குப் போகுது. அஞ்சாவது லெவல்ல ஃபயர்பால்ங்கிற நெருப்புப் பந்து மந்திரம் வருது, 20 அடி ஆரம், 8டி6. எட்டு டைஸும் ஒண்ணு ஒண்ணா விழுந்து, அதுலயும் கமனர் சேவ், அதாவது தப்பிக்கப் போடுற உருட்டு, ஜெயிச்சுப் பாதி டேமேஜ் ஆகி, அப்பவும் 4. அவர்கிட்ட இருக்கிறதே 4. தப்பிக்க வழியே கிடையாது, டைஸ் உருட்டுறதே வீண் வேலை. சந்தைக்குள்ள யாராவது ஃபயர்பால் போட்டா நான் இப்போ டைஸை எடுக்கிறதே இல்ல, யார் யார் அங்க இருந்தாங்கன்னு மட்டும் ஒவ்வொருத்தரா சொல்லுவேன். அதுக்கப்புறம் எங்க பார்ட்டி சந்தையில ஃபயர்பால் போடல.

ஆனா வேகமும் காசும் நெருப்பும் மட்டும்தான் ஹீரோன்னா ஏதோ இடிக்குதே, நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைச்சவன் மாதிரி இல்ல இருக்கு. அதுக்குத்தான் பழைய புத்தகங்களைப் புரட்டினேன், அங்கதான் விஷயம் இருந்துச்சு.

1971ல கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் போட்ட செயின்மெயில்னு ஒரு போர் விளையாட்டு, டி அண்ட் டிக்கே தாத்தா. அதுல ஹீரோன்னா என்னன்னு நேரா சொல்லியிருக்காங்க: நாலு ஆளுக்குச் சமம். சூப்பர்ஹீரோ எட்டு ஆளுக்குச் சமம். அவ்வளவுதான், ஒளிவு மறைவு இல்ல, சாதாரண சிப்பாயே அளவுகோல், அவனை வச்சுத்தான் ஹீரோவை எடை போட்டாங்க. 1974ல கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டி அண்ட் டியைக் கொண்டு வந்தப்போ நாலாவது லெவல் ஃபைட்டருக்கு ஹீரோன்னும் எட்டாவது லெவலுக்கு சூப்பர்ஹீரோன்னும் பட்டம் வச்சதும் அங்கிருந்து வந்ததுதான். முதல் லெவலுக்கு என்ன பட்டம்னு நினைக்கிறீங்க, வெட்ரன். ஏற்கெனவே சண்டை பார்த்த ஆள். ஹீரோ ஆகணும்னா நாலு லெவல் உயிரோட இருக்கணும்.

அப்புறம் 1981ல வந்த டி அண்ட் டி பேசிக் செட். அதுல நார்மல் மேன்னு ஒரு ஆள் வருவார், ஒண்ணுல இருந்து நாலு ஹெச்பி, அடிக்கிறதுல முதல் லெவல் ஆளை விட ஒரே ஒரு புள்ளி கம்மி. அதாவது வாள் வீச்சுல ஹீரோவுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அஞ்சு சதவீதம்தான் வித்தியாசம். அதுலயே ஒரு வரி இருக்கு, அவர் ஒரு சாகசத்துக்குப் போய் எக்ஸ்பி வாங்கிட்டா உடனே ஒரு கிளாஸ், அதாவது ஃபைட்டர் மாதிரி ஒரு ஹீரோ வகை, தேர்ந்தெடுத்தாகணும். ஒரே ஒரு தடவை போயிட்டு வந்தாலே அதுக்கப்புறம் நார்மல் மேனா இருக்க முடியாது. ஆனா முக்கியமான நம்பர் இன்னொண்ணு, மொரால், அதாவது மன உறுதி. மான்ஸ்டருக்கும் என்பிசிக்கும் கூலிக்கு வர்ற ஆளுக்கும் எல்லாருக்கும் ஒரு மொரால் நம்பர் உண்டு, நிலைமை மோசமானா டிஎம் 2டி6 உருட்டுவார், அந்த நம்பரைத் தாண்டினா ஓட்டம். நார்மல் மேனுக்கு மொரால் 6. உருட்டினா 58 சதவீதம் ஓடிடுவார். பிளேயர் கேரக்டருக்கு மொரால் எவ்வளவு? கிடையாது. அந்தக் கட்டமே ஷீட்ல இல்ல. நீ நிக்கிறியா ஓடுறியான்னு எந்த டைஸும் உனக்காக முடிவு பண்ணாது, நீயே முடிவு பண்ணிக்கோ.

இதைப் படிச்சதும் அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்கு பதில் கிடைச்சுது. 40 பேர் போனா ஜெயிக்கலாம், ஆனா முதல் மூணு பேர் விழுந்ததும் மீதி 37 பேருக்கும் 2டி6. ஊர்த் தலைவர் கும்பிட்டது ஹெச்பிக்காக இல்ல. டைஸ் உருட்ட வேண்டாத நாலு பேர் அவருக்கு வேணும்.

2014 டி அண்ட் டி இந்த விஷயத்தை மறந்தே போச்சான்னா, முழுசா இல்ல. டிராகனைப் பாருங்க. 2014 அடல்ட் ரெட் டிராகனுக்கு ஏசி 19, ஹெச்பி 256. கேட்டா மலைப்பா இருக்கும், ஆனா 250 பேர் கையில லைட் கிராஸ்போவைக் கொடுத்து ஒரே நேரத்துல விடச் சொன்னா, அஞ்சுல ஒரு அம்பு படும், 20 விழுந்தா டேமேஜ் டைஸ் ரெண்டு மடங்காகிற கிரிட்டிக்கல் எல்லாம் சேர்த்துப் பார்த்தா ஒரே ரவுண்டுல சராசரியா 280 டேமேஜ். டிராகன் செத்துடுச்சு! அப்போ டிராகனை எது காப்பாத்துது? செதில் இல்ல, பார்த்தாலே நடுங்க வைக்கிற ஃப்ரைட்ஃபுல் பிரசன்ஸ். 120 அடிக்குள்ள இருக்கிறவங்க விஸ்டம் சேவ் போடணும், டிசி 19, கமனர் பத்துல ஒருத்தர்தான் தாண்டுவார். மீதிப் பேர் கை நடுங்கி டிஸ்அட்வான்டேஜோட, அதாவது ரெண்டு தடவை உருட்டிச் சின்னதை எடுத்துக்கிட்டு, விட்டா 20 சதவீதம் 4 சதவீதம் ஆயிடும். ஆக டிராகனோட நிஜமான கவசம் எதிர்ல நிக்கிறவனோட பயம்தான். இதை வடிவமைச்சவங்களுக்கு நிச்சயம் தெரிஞ்சிருக்கு, ஆனா ஊர்க்காரனுக்கும் ஹீரோவுக்கும் நடுவுல அதே கருவியை ஏன் வைக்கலன்னுதான் என் குறை. 2014 டிஎம் கைடுல மொரால்னு ஒரு ஆப்ஷனல் ரூல் ஒரு மூலையில கிடந்துச்சு, நான் பார்த்த எந்த டேபிள்லயும் அதை யாரும் எடுத்ததில்ல.

நடுவுல வந்த எடிஷன்களைப் பத்தியும் ஒரு வார்த்தை. 2000ல வந்த மூணாவது எடிஷன் இந்தப் பிரச்சனையை ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டு சாதாரண மனுஷனுக்குன்னே அஞ்சு கிளாஸ் போட்டுது, கமனர், எக்ஸ்பர்ட், வாரியர், அடெப்ட், அரிஸ்டோகிராட். நோக்கம் நல்ல நோக்கம்தான், விளைவு காமெடி. கமனருக்கு டி4 ஹெச்பி, சராசரி ரெண்டரை, வீட்டுப் பூனைக்கு ரவுண்டுக்கு மூணு அட்டாக், ஒவ்வொண்ணும் குறைஞ்சது ஒரு டேமேஜ். பூனை நினைச்சா வீட்டுக்காரனைக் கொன்னுடும். இதை வச்சு இன்னைக்கு வரைக்கும் ஓட்டிட்டு இருக்காங்க. 2008ல நாலாவது எடிஷன் நேர் எதிர்ப் பக்கம் போச்சு, முதல் லெவல் ஃபைட்டருக்கே 15ம் கான்ஸ்டிட்யூஷன் மொத்தமும் சேர்த்து ஹெச்பி, எதிர்ல ஒரே ஹெச்பி மினியன்ஸ் கூட்டம். அங்க ஹீரோ முதல் நாள்ல இருந்தே ஹீரோ, சந்தேகமே கிடையாது. நிறையப் பேர் திட்டினாங்க, எனக்கு அதோட நேர்மை பிடிச்சிருந்துச்சு.

வேற விளையாட்டுகள் இதை எப்படிக் கையாளுதுன்னு பார்த்தா டி அண்ட் டியோட குழப்பம் இன்னும் தெளிவாத் தெரியும். பாத்ஃபைண்டர் ரெண்டாவது எடிஷன்ல (2019) லெவலைக் கிட்டத்தட்ட எல்லாத்துலயும் கூட்டிடுவாங்க, கமனரோட லெவல் மைனஸ் ஒண்ணு, 15 லெவல் வாக்குல இருக்கிற ஆளை ஊரே சேர்ந்து டைஸ்ல நேரா 20 போட்டாலும் தொட முடியாது, அந்த 40 விவசாயி கணக்கு அங்க செல்லாது. வார்ஹாமர் ஃபேண்டஸி ரோல்பிளே, 1986ல இருந்து வருது, அது இன்னொரு ஓரம். அங்க நீங்க எலி பிடிக்கிறவர், கூட ஒரு குட்டியான ஆனா வெறி பிடிச்ச நாய், எது செய்யப் போனாலும் ஜெயிக்க முப்பது சதவீதம் பக்கத்துலதான் இருக்கும், சின்ன வெட்டு சீழ் பிடிச்சே செத்துப் போகலாம். ஆர்ஸ் மேஜிகா (1987) பண்ணினதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச தீர்வு, ஒரே பிளேயர் ஒரு கதையில பெரிய மந்திரவாதியா இருப்பார், அடுத்த கதையில அந்த மந்திரவாதிக்குக் காவல் நிக்கிற சாதாரண ஆளா, குரோக்னு சொல்லுவாங்க, அதுவா இருப்பார். ரெண்டு பக்கமும் உக்காந்து பார்த்தவனுக்கு இடைவெளியை யாரும் விளக்க வேண்டியதில்ல.

ஆனா கேள்வியை மையத்துலயே வச்சு ஆடுறது டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ்தான், 2012. ஒவ்வொரு பிளேயருக்கும் ரெண்டுல இருந்து நாலு ஜீரோ லெவல் ஆளுங்க, 1டி4 ஹெச்பி, என்ன தொழில்னு நூறு வரி டேபிள்ல உருட்டிப் பார்க்கணும், கக்கூஸ் குழி அள்ளுறவர் கூட உண்டு, கையில சாக்கோட. எல்லாரையும் சேர்த்து டன்ஜனுக்குள்ள தள்ளி விடணும், ஃபனல்னு பேர், யார் உயிரோட வெளிய வர்றாங்களோ அவங்க முதல் லெவல். நாங்க ஒரு தடவை ஆடினோம், 15 பேர் உள்ள போய் நாலு பேர் வந்தாங்க. அந்த நாலு பேரை இன்னும் பேர் சொல்லிக் கூப்பிடுறோம். புது டி அண்ட் டியில முப்பது நிமிஷம் யோசிச்சு பேக்ஸ்டோரி எழுதின கேரக்டரை விட அந்த நாலு பேர் எனக்கு நெருக்கம், ஏன்னா அவங்க எந்தப் பதினோரு பேரைத் தாண்டி வந்தாங்கன்னு எனக்குத் தெரியும்.

திரும்ப புது டி அண்ட் டிக்கு வர்றேன். 2024ல சில விஷயம் நல்லா மாறியிருக்கு, சொல்லாம விட்டா பாவம். புது மான்ஸ்டர் மேனுவல்ல கமனருக்கு ஒரு ஸ்கில் கொடுத்திருக்காங்க, டிஎம் விருப்பப்படி, அதுல அட்வான்டேஜும், அதாவது ரெண்டு தடவை உருட்டிப் பெருசை எடுத்துக்கிற சலுகையும், உண்டு. சின்ன விஷயம், ஆனா இப்போதான் கொல்லனுக்கு இரும்பு தெரியும், மருத்துவச்சிக்கு மருந்து தெரியும், என் குதிரைக்காரனுக்கும் குதிரை தெரியும். ஆனா ஹெச்பி இன்னமும் அதே 4. பிளேயர்ஸ் ஹேண்ட்புக்ல ஃபார்மர்னு ஒரு பேக்கிரவுண்டு, அதாவது சாகசத்துக்கு முந்தின வாழ்க்கை, எடுத்தா டஃப்ங்கிற ஃபீட், ஒரு கூடுதல் திறமை, கூடவே வருது, லெவலுக்கு ரெண்டு ஹெச்பி அதிகம். வயல்ல உழைச்ச உடம்புக்கு அந்த மரியாதை நியாயம்தான், ஆனா வயல்லயே இருந்துட்ட விவசாயிக்கு அந்த ரெண்டு ஏன் இல்லன்னு கேட்டா பதில் இல்ல! பழைய ஃபோக் ஹீரோ பேக்கிரவுண்டைத் தூக்கிட்டாங்க, ஊர்க்காரங்க ஒளிச்சு வச்சுக் காப்பாத்துற அந்த ஒரு சலுகை எனக்குப் பிடிக்கும், போச்சு. ஆயிரக்கணக்கான விவசாயிகளை வரிசையா நிக்க வச்சு ஒரு ஈட்டியைக் கை மாத்திக் கை மாத்தி ஒளி வேகத்துல எறியிற பழைய ஜோக் தெரியுமில்ல, அதுக்கு டிஎம் கைடுலயே இப்போ பதில் எழுதிட்டாங்க, ரூல்ஸ்ங்கிறது அந்த உலகத்தோட இயற்பியல் கிடையாதுன்னு. நல்ல பதில். அதே பதிலை என் 33 நாள் கணக்குக்கும் சொல்லலாம், தெரியும், ஆனா நான் அந்தக் கணக்கை உலகத்தைப் பத்தி போடல, புத்தகம் எதை ஹீரோத்தனம்னு நினைக்குதுன்னு பார்க்கத்தான் போட்டேன்.

வாங்கலாமா? முதல் தடவை ஆடுறீங்கன்னா பிளேயர்ஸ் ஹேண்ட்புக் மட்டும் போதும், கண்ணை மூடிட்டு எடுங்க. டிஎம்மா இருக்கப் போறீங்கன்னா கைடும் வேணும். ஏற்கெனவே 2014 செட் கையில இருந்தா அவசரமே இல்ல, ஒருத்தர் வாங்கி டேபிள்ல வச்சாப் போதும். கிளாஸ் வடிவமைப்புக்கு அஞ்சுக்கு நாலரை கொடுப்பேன், புத்தகமா எழுதின விதத்துக்கு நாலு. ஊர்ல இருக்கிற மனுஷங்களுக்கு ரெண்டு, அந்த ரெண்டும் அந்த ஒரு ஸ்கில்லுக்காக.

குறையை நானே கைக்கு வந்த மாதிரி ஒட்டுப் போட்டுக்கிட்டேன். 1981 மொராலை அப்படியே தூக்கி 2024ல வச்சுட்டேன், கமனருக்கு 6, கார்டுக்கு 8, கூலி ஒழுங்கா கொடுத்தா ஒண்ணு கூடும், முன்னாடி வேலைக்கு வந்தவங்களைச் சாக விட்டுட்டு வந்தீங்கன்னா ரெண்டு குறையும். ஒரு மாசம் எல்லாரும் சலிச்சுக்கிட்டாங்க, டார்ச் பிடிக்க வர்றவன் எல்லாம் முதல் எலும்புக்கூட்டைப் பார்த்ததும் டார்ச்சைப் போட்டுட்டு ஓடுறான், இருட்டுல நாங்க சண்டை போடணுமான்னு. ஓடத்தானே செய்வான், நாளைக்கு 2 வெள்ளிதானே கொடுக்கிறீங்கன்னேன்.

போன மாசம் ஒரு செஷன். ஓகர்ங்கிற ராட்சசன் ஒண்ணு வந்து வழியை அடைச்சுது, ஃபைட்டர் விழுந்தாச்சு, பூசாரி கிளெரிக்குக்கு மந்திரம் தீர்ந்து போச்சு, மீதி ரெண்டு பேர் கதவுப் பக்கம் நகர ஆரம்பிச்சாங்க, அவங்களுக்குத்தான் மொரால் இல்லையே, யோசிச்சு முடிவெடுத்தே ஓடலாம். டார்ச் பிடிச்சிருந்த ஆளுக்கு மொரால் 6, நான் எல்லார் முன்னாடியும் உருட்டினேன், ஒண்ணும் ரெண்டும் விழுந்துச்சு, மூணு. அவர் ஓடல. 4 ஹெச்பியோட அங்கேயே டார்ச்சை உயர்த்திப் பிடிச்சுட்டு நிக்கிறார்னு சொன்னேன். கதவுப் பக்கம் போன ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க, அப்புறம் அந்தப் பொண்ணு, முதல் செஷன்ல கேள்வி கேட்டாளே அவதான், "அந்த ஆளு பேரு என்ன?"ன்னு கேட்டா. நான் அதுவரைக்கும் பேரே வைக்கல.